கண்மாய்ச் சீமைக்குத் தூண்டிலோடு போகிறவர்களுக்கு

முதன்முதலாகச் சிங்கம்புணரிப் பக்கம் மீன் பிடிக்கப் போனபோது என் கையில் 4,000 ரூபாய்க்கு வாங்கிய ராடும் ரீலும் இருந்தன. ஒரு கண்மாய்க் கரையில் நிழலாகப் பார்த்து உட்கார்ந்து தூண்டிலை வீசி அரைமணி நேரம்கூட ஆகியிருக்காது. பைக்கில் ஒருவர் வந்து இறங்கினார். "யாரக் கேட்டு தம்பி தூண்டி போடுறீக?" என்றார். குரலில் கோபம்கூட இல்லை. அந்தக் கண்மாயில் கிடக்கிற மீன் அத்தனையும் அந்த வருஷத்துக்கு அவருடையது என்பது அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஏலத்தில் எடுத்து, குஞ்சு வாங்கி விட்டு, ராத்திரிக் காவலும் போட்டிருந்தார். ராடை மடக்கிக்கொண்டு கிளம்பினேன். போகும்போது ஒரு டீ வாங்கிக் கொடுத்தார், அது வேறு வெட்கமாக இருந்தது.

அதனால்தான் இந்தக் கட்டுரையில் தூண்டில் பிற்பாடு வருகிறது. எந்த மாதம் போவது, எந்தத் தண்ணீருக்குப் போவது, யாரைக் கேட்பது என்ற மூன்றையும் சரியாகச் செய்தால் மூங்கில் குச்சியே போதும். இதைச் செய்யாமல் போனால் எந்த ராடும் உதவாது.

நான் சொல்லும் பகுதி சிவகங்கை மாவட்டம், அதை ஒட்டிய மேலூர், நத்தம், பொன்னமராவதிப் பக்கங்கள், தெற்கே ராமநாதபுரம். தமிழ்நாட்டில் இருக்கிற 39,000க்கும் மேற்பட்ட ஏரிகளில் பெரும்பங்கு இந்த மாதிரி வறண்ட நிலத்தில்தான் இருக்கிறது. வடக்கே ஏரி என்பதை இங்கே கண்மாய் என்பார்கள். அதிலும் சிறிதென்றால் ஏந்தல், குளம், குட்டை. குடிதண்ணீருக்கென்றே தனியாக வெட்டியது ஊருணி. பேருந்தில் மதுரையிலிருந்து காரைக்குடிக்குப் போனால் வழியெல்லாம் ஒரு கரை முடிந்து இன்னொரு கரை தொடங்குவதைப் பார்க்கலாம். ராமநாதபுரம் மாவட்டத்து ராஜசிங்கமங்கலம் கண்மாயை 'நாரை பறக்காத 48 மடைக் கண்மாய்' என்பார்கள். நாரையே ஒரு மூச்சில் பறந்து கடக்க முடியாத அகலம் என்று அர்த்தம்.

எந்த மாதம்

காவிரிக் கரைக்காரர்களுக்கு ஆடிப்பெருக்கு எப்படியோ அப்படி, இங்கே எல்லாம் ஐப்பசி மழைதான். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை கண்மாயை நிரப்பும். மேலூர்ப் பக்கம் மட்டும் கொஞ்சம் விதிவிலக்கு. 1895இல் முல்லைப் பெரியாறு அணை திறந்த நாளிலிருந்து அந்தத் தண்ணீரும் வைகை வழியாக வந்து சேருகிறது. மற்ற இடங்களில் மழை பெய்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. மழை பொய்த்த வருஷம் என்றால் பயணத்தையே ஒத்திப்போடுங்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் போகாதீர்கள். புதுத்தண்ணீர் வரத்துக் கால்வாயில் இறங்கியதும் மீன்கள் எதிர்த்து ஏறும், முட்டையிடும். ஏறு மீனைக் கால்வாயிலேயே வலை கட்டி அள்ளுகிறவர்கள் இருக்கிறார்கள். பார்க்க வேடிக்கைதான். ஆனால் வயிறு நிறைய சினையோடு வரும் மீன் அது. அந்தச் சமயத்தில் தண்ணீர் கலங்கியும் இருக்கும், தக்கையைப் பார்த்து உட்கார்ந்தால் கண்தான் வலிக்கும்.

மார்கழியில் கண்மாய் நிறைந்து கிடக்கும். மீன் பரவிப் போயிருக்கும், குளிரில் மந்தமாகவும் இருக்கும். பழகியவர்களுக்கே கஷ்டம்.

புதிதாகப் போகிறவர்களுக்கு ஏற்றது தை கடைசியிலிருந்து பங்குனி வரை. வயலுக்குத் தண்ணீர் பாய்ந்து கண்மாய் பாதியாகச் சுருங்கியிருக்கும். தண்ணீர் தெளிந்திருக்கும். வெயிலும் இன்னும் முழுதாக ஏறியிருக்காது. சித்திரை, வைகாசி என்றால் அது தூண்டில் காலமல்ல, மீன்பிடித் திருவிழாக் காலம். அதைத் தனியாகச் சொல்கிறேன். அதற்குப் பிறகு பல கண்மாய்களில் வெடித்த மண்தான் இருக்கும்.

யாருடைய தண்ணீர்

பொதுவாக 40 ஹெக்டேருக்கு மேல், அதாவது சுமார் 100 ஏக்கருக்கு மேல் பாசனம் உள்ள கண்மாய்கள் நீர்வளத் துறையின் பொறுப்பில் இருக்கும். பழைய ஆட்கள் இன்னும் பொதுப்பணித் துறை என்றே சொல்வார்கள். அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்தின் கீழ் வரும். தண்ணீர் விவசாயிக்கு; மீனைப் பிடிக்கிற உரிமை தனி. அதற்கு இங்கே 'மீன்பாசி' என்று பெயர். மீன்பாசி ஏலம், மீன்பாசி குத்தகை என்று செய்தித்தாளில் பார்த்திருப்பீர்கள். குத்தகைக் கணக்கு பெரும்பாலும் ஜூலை 1இல் தொடங்கும் பசலி ஆண்டுப்படி ஓடும். ஏலம் எடுத்தவர் தனி ஆளாகவும் இருக்கலாம், மீனவர் கூட்டுறவுச் சங்கமாகவும் இருக்கலாம், சில இடங்களில் ஊரே சேர்ந்து எடுத்துப் பொதுவில் வைத்திருக்கும்.

இதையெல்லாம் அலுவலகம் அலுவலகமாக ஏறிக் கேட்க வேண்டியதில்லை. கண்மாயை ஒட்டிய ஊரில் டீக்கடை இருக்கும். காலை ஆறு மணிக்கு அங்கே போய், "இந்தக் கம்மாய் குத்தகையில இருக்கா, யாரு எடுத்திருக்காக?" என்று கேட்டால் பத்து நிமிஷத்தில் பதில் வரும், பெரும்பாலும் ஆளே வருவார். மாவட்டத்தில் மீன்வளத் துறை உதவி இயக்குநர் அலுவலகம் இருக்கிறது. பெரிய கண்மாய், அணை என்றால் அங்கே கேட்பது நல்லது.

குத்தகைக்காரரிடம் பேசும்போது மூன்று விஷயத்தை முன்கூட்டியே தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். எத்தனை பேர், எத்தனை தூண்டில் என்பது முதலாவது. காசு எவ்வளவு, அது தூண்டிலுக்கா மீனின் எடைக்கா என்பது அடுத்தது. கட்லா, ரோகு மாதிரி அவர் விட்ட வளர்ப்பு மீன் மாட்டினால் என்ன செய்வது என்பதுதான் முக்கியமானது. எனக்கு இதுவரை அமைந்தவர்கள் எல்லாம் "நாட்டு மீன் மாட்டுனா எடுத்துக்கங்க, வளர்ப்பு மீன் மாட்டுனா எட போட்டு வாங்கிக்கங்க" என்ற கணக்கில்தான் ஒப்புக்கொண்டார்கள். நியாயமான கணக்கு. குறவை, கெளுத்தி, கெண்டை இவற்றையெல்லாம் அவர் காசு கொடுத்து வாங்கி விடுவதில்லை, தானாக வருபவை. ரோகுக் குஞ்சு அவருடைய முதல்.

குழந்தைகளோடு போகிறீர்களா? கண்மாயே வேண்டாம். பண்ணைக்குட்டையில் மீன் வளர்க்கிற விவசாயி யாராவது தெரிந்தவர் இருந்தால் அவரிடம் கேளுங்கள். சின்னத் தண்ணீர், நிறைய மீன், பிள்ளைகள் சலிப்பதற்குள் ஒன்று மாட்டிவிடும். ஆனால் ஓரம் செங்குத்தாக இருக்கும், பிளாஸ்டிக் விரித்த குட்டை என்றால் வழுக்கவும் செய்யும். ஒரு பெரிய ஆள் கூடவே நிற்க வேண்டும்.

போடவே கூடாத இடங்கள்

ஊருணியில் தூண்டில் போடாதீர்கள். சில ஊர்களில் ஊருணிக்குள் செருப்போடு இறங்கினாலே சத்தம் போடுவார்கள். அவர்கள் குடிக்கிற தண்ணீர் அது. கோயில் குளமும் அப்படித்தான். அங்கே பொரி போடலாம், தூண்டில் போட முடியாது.

பறவைகள் சரணாலயங்களை மறந்துவிடுகிறார்கள். பார்க்கச் சாதாரணக் கண்மாய் மாதிரியே இருக்கும், கரை, மடை எல்லாம் இருக்கும். திருப்பத்தூருக்குப் பக்கத்து வேட்டங்குடி 1977லிருந்து சரணாலயம். பெரிய கொள்ளுக்குடிப்பட்டி, சின்னக் கொள்ளுக்குடிப்பட்டிக் கண்மாய்களும் சேர்ந்து 38.4 ஹெக்டேர். பறவைகள் மிரளும் என்று தீபாவளிக்கு வெடி போடாத ஊர் அது. அங்கே போய்த் தூண்டிலை விரித்தால் வனத்துறை வருவதற்கு முன்பே ஊர்க்காரர்கள் வந்துவிடுவார்கள். ராமநாதபுரத்தில் சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், தேர்த்தங்கல், சக்கரக்கோட்டை, மேலச்செல்வனூர்–கீழச்செல்வனூர் எல்லாமே சரணாலயங்கள். இவற்றுக்குத் தொலைநோக்கிக் கண்ணாடியோடு போங்கள்.

இன்னொன்று: வெடி போட்டோ மருந்து கலந்தோ மீன் பிடிப்பது 1897ஆம் ஆண்டு இந்திய மீன்வளச் சட்டத்திலேயே குற்றம். பேட்டரி வைத்து மின்சாரம் பாய்ச்சுகிறவர்களையும் சில சமயம் பார்ப்பீர்கள். "வாங்க, சும்மா பாருங்க" என்று கூப்பிட்டாலும் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

சாமான்

இந்தக் கண்மாய்களுக்கு ரீல் அவசியமில்லை. விராலுக்கு மட்டும் ரீல் இருந்தால் நல்லது, அதைப் பிறகு பார்ப்போம். பத்துப் பன்னிரண்டு அடியில், நுனி வளைந்துகொடுக்கிற மூங்கில் ஒன்று. குச்சியின் நீளமே தங்கூசி, அதாவது நைலான் நரம்பு; அதைவிட ஒரு முழம் கூடினாலும் வீசும்போது மரத்தில் போய்ச் சிக்கும். 0.25 மில்லிமீட்டர் தங்கூசி கெண்டை, ஜிலேபி (திலாப்பியா), கெளுத்தி எல்லாவற்றுக்கும் தாங்கும்.

முள் வாங்கும்போது ஒரு குழப்பம் வரும். நம்பர் கூடக் கூட முள் சின்னதாகும். கெண்டைக்குஞ்சுக்கு 12, ஜிலேபிக்கும் கெளுத்திக்கும் 8, கொஞ்சம் பெரிய மீனுக்கு 4 அல்லது 2. கடைக்காரர் பெரிய முள்ளாகத்தான் எடுத்துக் கொடுப்பார். வேண்டாம். சின்ன முள்ளில் பெரிய மீன் மாட்டும், பெரிய முள்ளைச் சின்ன மீனால் வாயில் வாங்க முடியாது.

தக்கைக்கு நெட்டித்தண்டு கிடைத்தால் அதைவிட நல்லது எதுவும் இல்லை. கிடைக்காவிட்டால் பழைய ரப்பர் செருப்பில் விரல் தண்டிக்கு ஒரு துண்டு வெட்டிக்கொள்ளுங்கள். ஊர்ப் பையன்கள் எல்லாரும் அதைத்தான் வைத்திருப்பார்கள். தக்கைக்குக் கீழே ஒரு சின்ன ஈயத்துண்டு. தக்கை பாதி முழுகி நிமிர்ந்து நிற்க வேண்டும். படுத்துக் கிடந்தால் ஈயம் போதாது. இத்தனையும் சேர்த்து 200 ரூபாய்க்குள் முடிந்துவிடும்.

கூடவே எடுத்துப் போக வேண்டியவை: முள்ளை எடுக்க மூக்கு நீண்ட குறடு, பழைய பருத்தித் துண்டு, மூடியோடு ஒரு வாளி, தொப்பி, ஆளுக்கு மூன்று லிட்டர் குடிதண்ணீர். கண்மாய்க் கரையில் கடை இருக்காது.

இரை

மண்புழு எல்லா மீனுக்கும் ஆகும். மாட்டுக்கொட்டகை ஓரம், வாழைமரத்தடி, கிணற்றடி ஈரத்தில் தோண்டினால் கிடைக்கும். அதே மண்ணோடு ஒரு டப்பாவில் போட்டு, மேலே ஈரச் சாக்கை மூடி நிழலில் வையுங்கள். வெயிலில் வைத்தால் ஒரு மணி நேரத்தில் நாறிவிடும், அப்புறம் எந்த மீனும் சீண்டாது.

ரோகு, மிர்கால் வகைக்கு மாவு இரை. கோதுமை மாவையும் ஊறவைத்த கடலைப் புண்ணாக்கையும் சமமாகச் சேர்த்துக் கெட்டியாகப் பிசையுங்கள். முள்ளில் உருட்டினால் தண்ணீரில் ஐந்து நிமிஷமாவது கரையாமல் நிற்கிற பதம் வேண்டும். அதே புண்ணாக்கோடு தவிட்டைச் சேர்த்து உருண்டை பிடித்து, நீங்கள் தூண்டில் போடப்போகிற இடத்தில் அரைமணி நேரம் முன்னாலேயே நாலைந்து எறிந்துவிடுங்கள். கடைகளில் ஏலக்காய், வெண்ணிலா வாசனையெல்லாம் கலந்த இரைப்பொடி விற்கிறார்கள். நானும் வாங்கிப் பார்த்தேன். மீனைவிட எறும்புக்குத்தான் பிடித்திருந்தது.

விராலுக்கு உயிர் இரை. 'கெண்டையைப் போட்டு விராலை இழு' என்பது பழமொழி மட்டுமில்லை, அப்படியே செய்முறைதான். முதலில் 12ஆம் நம்பர் முள்ளில் கெண்டைக்குஞ்சு பிடித்து, அதை முதுகில் கோத்துப் பெரிய முள்ளில் விட வேண்டும்.

எங்கே உட்காருவது

கண்மாய் கிண்ணம் மாதிரி இருக்காது, சாய்த்து வைத்த தட்டு மாதிரி இருக்கும். கரைப்பக்கம் ஆழம், எதிரே உள்வாய்ப் பக்கம் மேடு. தண்ணீர் வற்ற வற்ற மீன் கரையை நோக்கி, அதிலும் மடையை நோக்கி வரும். மடைக்கு நேராக உட்காராதீர்கள், பத்திருபது அடி தள்ளி உட்காருங்கள். மடை திறந்திருந்தால் இழுவை இருக்கும், தக்கை நிற்காது. கால் தவறினால் ஆளையே இழுக்கும்.

கண்மாய் நிறைந்தால் தண்ணீர் வழிந்து வெளியேறுகிற கலுங்குக்கு உள்பக்கம் கட்டிய கற்களுக்கு நடுவே குறவையும் உளுவையும் ஒளிந்திருக்கும். ஆம்பலோ கோரையோ படர்ந்த ஓரம் என்றால் விரால். செடி இல்லாத திறந்த, கொஞ்சம் ஆழமான தண்ணீர் வளர்ப்பு மீனுக்கு. அதிலும் ஒரு கணக்கு உண்டு. கட்லா மேல்மட்டத்தில் மேயும், அதன் வாயைப் பாருங்கள், மேல்நோக்கி வளைந்திருக்கும். ரோகு நடுத்தண்ணீரில், மிர்கால் அடிமண்ணில். தக்கையை எவ்வளவு உயரத்தில் கட்டுகிறீர்கள் என்பதை வைத்தே எந்த மீன் என்பது பாதி முடிவாகிவிடும். ஒரே ஆழத்தில் வைத்துக்கொண்டு நாள் முழுக்க "இங்க மீனே இல்ல" என்று சொல்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன், நானும் சொல்லியிருக்கிறேன்.

விடிந்ததிலிருந்து ஒன்பது மணி வரை, பிறகு நாலு மணிக்கு மேல் இருட்டும் வரை. நடுவில் போய்ச் சாப்பிட்டுத் தூங்குங்கள். ஒரு விஷயம் கவனியுங்கள்: காற்றே இல்லாத புழுக்கமான விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருக்கும். இவ்வளவு மீனா என்று சந்தோஷப்படாதீர்கள். தண்ணீரில் பிராணவாயு குறைந்து மூச்சுக்குத் திணறுகின்றன, இரையைத் தொடாது. வெயில் ஏறிக் காற்று அடித்த பிறகு போடுங்கள்.

தக்கை சொல்லும் சேதி

ஜிலேபி தக்கையைக் குத்திக் குத்தி ஆட்டும், அவசரப்பட்டு இழுக்கக் கூடாது. ஒருபக்கமாக நகர ஆரம்பித்ததும் சுண்டுங்கள். இந்த மீன் நம் ஊர் மீனே இல்லை. 1952இல் இலங்கையிலிருந்து கொண்டுவந்து விட்டது. முட்டையையும் குஞ்சையும் தாய் வாயிலேயே வைத்துக் காப்பதால் எந்தக் குட்டையிலும் பெருகிவிட்டது. எத்தனை வேண்டுமானாலும் பிடியுங்கள், கண்மாய்க்கு நல்லதுதான். முதல்நாள் தூண்டிலில் உங்களுக்கு மாட்டப்போவதும் அநேகமாக இதுதான்.

கெளுத்தி தக்கையை ஒரேயடியாக உள்ளே கொண்டுபோகும். வந்ததும் கையால் பிடிக்காதீர்கள். முதுகில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று என மூன்று முள் விறைத்து நிற்கும். துண்டைப் போட்டு அமுக்கி, முள்ளுக்குப் பின்னால் விரலை வைத்துத்தான் பிடிக்க வேண்டும். தேளி இன்னும் மோசம், பெயரே அதைத்தான் சொல்கிறது. குத்திவிட்டால் கை பொறுக்கிற சூட்டில் வெந்நீரில் முக்கி வையுங்கள், வலி இறங்கும். பிறகு ஆஸ்பத்திரிக்குப் போய் டி.டி. ஊசி போட்டுக்கொள்ளுங்கள். பனையேறிக் கெண்டைக்குச் செவுள் மூடியில் ரம்பப்பல் இருக்கும், அதற்கும் துண்டுதான்.

விரால் வேறு ஆட்டம். அது காற்றைக் குடிக்க மேலே வரும் மீன். செடி ஓரத்தில் 'ப்ளக்' என்று ஒரு சத்தம், ஒரு வட்டம். அந்த இடத்தைத் தாண்டி வீசி, மெதுவாக இழுத்து வர வேண்டும். இப்போது இளைஞர்கள் ரப்பர் தவளை பொம்மையை ரீலில் கட்டிச் செடிமேல் துள்ள விட்டுப் பிடிக்கிறார்கள். பார்க்கவே அருமையாக இருக்கும். ரீல் வேண்டுமென்று சொன்னது இதற்குத்தான். கடித்ததும் செடிக்குள் இழுத்துக்கொண்டு போகும், மூங்கிலும் 0.25 தங்கூசியும் தாங்காது, பின்னல் நரம்பு வேண்டும்.

ஆனால் தண்ணீரின் மேலே செம்மஞ்சள் நிறத்தில் குஞ்சுக் கூட்டம் ஒன்று கொதிக்கிற மாதிரி நகர்வதைப் பார்த்தால் அந்தப் பக்கம் வீசாதீர்கள். அடியில் தாயும் தகப்பனும் காவல் நிற்கும். எது வந்தாலும் பாயும், பொம்மையையும் கடிக்கும், மிகச் சுலபமாக மாட்டும். மாட்டிய பிறகு அந்தக் குஞ்சுகளை மற்ற மீன்கள் ஒரு மணி நேரத்தில் தின்று தீர்த்துவிடும். இதை மட்டும் என்னோடு வருகிற யாரையும் செய்ய விடமாட்டேன்.

சில சமயம் தக்கை மெதுவாக அமுங்கி, இழுத்தால் கல் மாதிரி கனக்கும். ஆமை. நரம்பை வாய்க்குப் பக்கத்தில் வெட்டி, முடிந்தால் குறடால் முள்ளையும் எடுத்து விட்டுவிடுங்கள். கண்மாய் ஆமையைப் பிடித்துப் போவது வனவுயிர்ச் சட்டப்படி குற்றம்.

மீன்பிடித் திருவிழாவுக்குப் போவதென்றால்

மாசியில் ஆரம்பித்து வைகாசி தாண்டியும், எந்தக் கண்மாய் எப்போது முழங்காலளவு வற்றுகிறதோ அப்போது அந்த ஊரில் நடக்கும். தேதி நாலைந்து நாள் முன்புதான் முடிவாகும். முன்பு தண்டோரா, இப்போது வாட்ஸப். ஆகவே விடுப்பை முன்கூட்டியே போட்டு வைக்க முடியாது. திருவிழாவை மட்டும் நம்பி வெளியூரிலிருந்து கிளம்பாதீர்கள். தூண்டிலுக்கென்று போனபோது அமைந்தால் சேர்ந்துகொள்ளுங்கள்.

விடியும் முன்பே சுற்றுப்பட்டி ஆட்கள் கரையில் வந்து நிற்பார்கள். கையில் ஊத்தா, கச்சா என்ற மீன்பிடிக் கருவிகள், வலை, கூடை. ஒன்றும் இல்லாதவர்கள் சேலையையோ கொசுவலையையோ கொண்டுவந்திருப்பார்கள். சாமி கும்பிட்டு, ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசுவார். அடுத்த நொடி கண்மாய்க்குள் அத்தனை பேரும் இறங்கியிருப்பார்கள். அதற்கு முன்னால் ஒரு கால் வைத்தாலும் திட்டு விழும். சில ஊரில் எல்லாருக்கும் இலவசம், சில ஊரில் ஊத்தாவுக்கு இவ்வளவு என்று கட்டணம். விசாரித்துவிட்டு இறங்குங்கள். பிடித்த மீனை விற்கக் கூடாது, வீட்டில் சமைத்துத்தான் சாப்பிட வேண்டும் என்பது பல ஊர்களில் கட்டுப்பாடு. அன்றைக்குத் தெருவெல்லாம் ஒரே குழம்பு வாசனையாக இருக்கும்.

ஊத்தா என்பது மேலும் கீழும் திறந்த, மூங்கில் சிம்பில் பின்னிய கூம்புக் கூடை. அதை அடிச்சேற்றில் குத்திக்கொண்டே முன்னேற வேண்டும். உள்ளே மீன் அகப்பட்டால் 'டம்' என்று பக்கத்தில் மோதுவது கையில் தெரியும். மேல்வாய் வழியாகக் கையை விட்டுத் தடவிப் பிடிக்க வேண்டும். தடவும்போது தேளியாக இல்லாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். முதல்முறை போகிறவர்கள் வலையைத் தூக்கிக்கொண்டு நடுவில் ஓடாதீர்கள். ஊத்தா வைத்திருக்கும் ஒரு அனுபவசாலிக்குப் பின்னால் நாலடி விட்டுப் போங்கள். கலங்கிய தண்ணீரில் அவரிடம் தப்பியது உங்களிடம் வரும்.

கால் பத்திரம்

கண்மாயில் உயிரை வாங்குவது பெரும்பாலும் பள்ளம். வண்டல் மண் அள்ளிய குழிகள் தண்ணீருக்கு அடியில் தெரியாது. முழங்கால் ஆழத்தில் நடந்துகொண்டிருக்கும்போதே அடுத்த எட்டில் தலை முழுகிவிடும். நீச்சல் தெரிந்தாலும் சேறு காலை விடாது. ஆகவே ஊர்க்காரர் ஒருவர் காட்டிய வழி தவிர வேறெங்கும் இறங்காதீர்கள். தூண்டிலுக்கு இறங்க வேண்டிய தேவையே இல்லை.

சீமைக்கருவேல முள் ரப்பர் செருப்பைத் துளைத்துக்கொண்டு வரும். அடி கனமான ஷூ போடுங்கள். கரைப் புதரில் பாம்பு இருக்கும். குச்சியால் தட்டிவிட்டு உட்காருங்கள். கடித்துவிட்டால் கட்டுப்போடுவதும் கீறுவதும் வேண்டாம், ஆளை அசையாமல் வைத்து 108ஐக் கூப்பிட்டு, விஷமுறிவு மருந்து இருக்கும் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். கோடை இடி இடிக்கத் தொடங்கினால் கரையில் தனித்து நிற்கும் மரத்தடிக்கு ஒதுங்காதீர்கள். கார்பன் ராட் வைத்திருப்பவர்கள் கரைக்கு மேலே மின்கம்பி போகிறதா என்று அண்ணாந்து பார்த்துவிட்டு வீசுங்கள்.

போக, தங்க

மதுரையிலிருந்து காரைக்குடி 85, 90 கிலோமீட்டர். மேலூர், திருப்பத்தூர் வழியாகப் பேருந்து அடிக்கடி உண்டு. தங்க காரைக்குடி வசதி. ஆனால் விடியலில் கரையில் இருக்க வேண்டுமென்றால் பைக்கோ காரோ சொந்தமாக வேண்டும். முதல்நாள் சாயங்காலம் போய் டீக்கடை விசாரிப்பை முடித்துவிட்டு, மறுநாள் காலையும் மாலையும் தூண்டில், மூன்றாம் நாள் காலை ஒரு தடவை போட்டுவிட்டு வீடு. இரண்டு ராத்திரி போதும்.

பிடித்ததை என்ன செய்வது

விரால், குறவை, தேளி மூன்றும் காற்றைச் சுவாசிக்கும். ஈரச் சாக்கில் சுற்றி வைத்தாலே மணிக்கணக்கில் உயிரோடு இருக்கும். கட்லாவும் ரோகுவும் அப்படி இல்லை, செத்த உடனே செவுளையும் குடலையும் எடுத்து ஐஸில் போட வேண்டும். பங்குனி வெயிலில் இரண்டு மணி நேரம் வாளியில் கிடந்த ரோகுவை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பேச்சு வாங்கியிருக்கிறேன்.

கண்மாய் மீனுக்கு மண்வாடை உண்டு. கல்லுப்பும் புளியும் போட்டு நன்றாகத் தேய்த்து இரண்டு தண்ணீர் கழுவி, கொஞ்ச நேரம் மோரில் ஊறவைத்தால் பெரும்பாலும் போய்விடும். விராலின் வழுவழுப்புக்குச் சாம்பல். அயிரை கிடைத்தால் அதைத் தனியாக வையுங்கள். மண்சட்டியில் கல்லுப்பைப் போட்டு உரசிக் கழுவ வேண்டிய மீன் அது, வெட்டுகிற வேலையே கிடையாது. நாலு விரல் நீளம்கூட இல்லாத இந்த மீனுக்கு மதுரைப் பக்கம் இருக்கிற கிராக்கி கட்லாவுக்குக் கிடையாது.

ஒரு வீட்டுக் குழம்புக்கு எவ்வளவு வேண்டுமோ அதற்கு மேல் பிடித்ததை உயிரோடு தண்ணீரிலேயே விட்டுவிடுங்கள். ஜிலேபி மட்டும் வேண்டாம், அதைக் குத்தகைக்காரரிடம் கொடுத்தால் வாங்கிக்கொள்வார். அறுந்த தங்கூசியை ஒரு அடி விடாமல் சுருட்டி எடுத்து வாருங்கள், நாரை காலில் சிக்கிவிடும். கிளம்பும்போது குத்தகைக்காரரின் போன் நம்பரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். முதல் தடவை என்னை எழுப்பி அனுப்பியவரின் நம்பர் இன்னும் என்னிடம் இருக்கிறது. தை பிறந்ததும் அவரே கூப்பிட்டு, "கம்மாய் பாதிக்கு வந்திருச்சு, எப்ப வர்றீக?" என்பார்.